சிவகாமி கேட்ட சம்பால் பக்குவம்

தம்பி,

கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் முதல் வரியில் நான் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று எழுதுவார்கள். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் வரவில்லை; காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சுங்கை பினாங் வீட்டுக் கூரைகூடப் போன மழைக்கு ஒழுகவில்லை. மனசுதான் இரண்டு நாளாகச் சரியில்லை. முந்தாநாள் உன் மனைவி சிவகாமியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உனக்குத் தெரியாமல் எழுதியிருப்பாள் போலிருக்கிறது, உன்னைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவள் அம்மாவுக்குத் திதியாம். அம்மாவுக்குக் காரம் என்றால் உயிராம். இறந்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துப் படைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். அதனால் நான் செய்கிற மிளகாய்ச் சம்பாலின் பக்குவத்தை எழுதி அனுப்ப வேண்டும், முடிந்தால் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கடைசியில், "அம்மா போன பிறகு இன்னொருவர் கையால் சாப்பிட்டு எனக்கு வயிறு நிறைந்தது உங்கள் வீட்டில்தான், மாமா" என்று எழுதியிருக்கிறாள்.

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள மருமகளுக்கு என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. அதனால் உனக்கு எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பாலில் பிளாச்சான் இருக்கிறது. கூனி இறாலை உப்புப் போட்டு இடித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி இடித்துக் கட்டியாக்குகிறார்களே, அதே பிளாச்சான். நீ மீனும் இறைச்சியும் வேண்டாமென்று விட்ட நாலாவது வாரத்திலிருந்து உன் தட்டில் நான் வைத்த ஒவ்வொரு கரண்டியிலும் அது இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் வரும்போதெல்லாம் கட்டிக் கொடுத்த பாட்டில்களிலும் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு முட்டையைக்கூட வாயில் வைத்தறியாத பெண்ணுக்கு நான் அதைக் கொடுத்திருக்கிறேன். அவள் அப்பா, உன் தலைமையாசிரியர், தயிர்ச் சோற்றுக்கு அதைத்தான் தொட்டுக்கொள்கிறார் என்று நீயே ஒரு தடவை பெருமையாகச் சொன்னாய். அன்றைக்கு நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேனே, தண்ணீர் குடிக்க என்று நினைத்திருப்பாய்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நல்ல சாக்கு ஒன்று கையில் இருக்கிறது. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது, அது உனக்குத் தெரியும். ஆனால் அதே வெள்ளிக்கிழமை கங்கோங் கீரையை வதக்கும்போது ஒரு சிட்டிகை பிளாச்சானைச் சுட்டுப் போடாமல் இருந்ததில்லை. நாம் மட்டுமா? இந்த வரிசை வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான். உப்பு எப்படியோ அது அப்படி, அதைப் போய் யார் அசைவம் என்று எண்ணினார்கள்? இந்த ஊருக்கு வந்து மலாய்க்காரர் சமையலையும் சீனர் சமையலையும் பார்த்துப் பார்த்து நாம் பழகிக்கொண்ட தவறு அது. இந்தச் சாக்கை நான் சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் நான் அறியாமல் போடவில்லை. நீ காலையில் பள்ளிக்கூடத்துக்குப் படகேறும்வரை காத்திருந்து, பிறகு சுட்டேன். மிச்சக் கட்டியைத் தகர டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அறியாதவன் ஒளிப்பானா?

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பொறாமை. வேறு நல்ல பெயராக ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

உன் அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. எனக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. துறைமுகக் கிடங்கில் கிராணி வேலை பார்க்கிற ஆள், பேனா பிடித்த கை. சொந்தக்காரர்கள் எல்லாரும் இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்றார்கள், இல்லாவிட்டால் பிள்ளையை ஊருக்கு அனுப்பு என்றார்கள். இரண்டுக்கும் தலையாட்டாமல் நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். விடிவதற்கு முன்னால் பாசாருக்குப் போய், படகிலிருந்து இறங்கின சூட்டோடு மீன் வாங்கி வந்து, மசாலையை அம்மியில் அரைத்து, புளி கரைத்து, வேலைக்குப் போவதற்குள் குழம்பை இறக்கி வைப்பேன். முதல் ஆறு மாதம் அந்தக் குழம்பை நாய்கூடத் தொட்டிருக்காது, நீ தின்றாய். பிறகு கை பழகிவிட்டது. வரிசை வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்து பக்குவம் கேட்டுப் போகிற அளவுக்குப் பழகிவிட்டது. ஒன்பது வயது வரைக்கும் உனக்கு முள் எடுத்துக் கொடுத்தவன் நான். நீ குனிந்த தலை நிமிராமல் தின்பாய், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். உலகத்தில் எனக்கு அதைவிடப் பெரிய காட்சி எதுவும் இல்லை. நீ மறுசோறு கேட்க மாட்டாய், வைத்ததை மீதி வைக்கவும் மாட்டாய். ஒழுக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் உனக்கு அக்கரையில், பாகான் டாலாம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கட்டிக்கொடுத்த தூக்குச் சட்டி படகிலேயே ஆறிப் போகிறது என்று தலைமையாசிரியர் உன்னைத் தன் வீட்டில் சாப்பிடச் சொன்னார். முதலில் வாரத்துக்கு ஒருநாள். பிறகு இரண்டு நாள். பிறகு தூக்குச் சட்டியே வீட்டில் தங்கிவிட்டது. நீ சாயங்காலம் வந்து சொல்லுவாய். அந்த வீட்டில் அம்மா இல்லை, மகள்தான் சமைக்கிறாளாம். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறாளாம். மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து, அடுத்த மணி அடிப்பதற்குள் நாலு பேருக்குச் சமைத்துப் போட்டு, தானும் தின்றுவிட்டுத் திரும்ப ஓடுகிறாளாம். எல்லாம் சைவமாம். "அரை மணி நேரம்தான்ப்பா!" என்று நீ கண்ணை விரித்துச் சொன்னபோது, விடிகாலை எழுந்து அம்மியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அரை மணி நேரத்தில் சமைத்ததெல்லாம் ஒரு சமையலா என்று மனசுக்குள் திட்டினேன். வெளியே, "அப்படியா, கெட்டிக்காரிதான்" என்றேன்.

நீ விஷயத்தைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. கொடுவா மீன் நல்லதாக அகப்பட்டிருந்தது, தலையை உனக்கென்று தனியாக வைத்திருந்தேன். நீ தட்டைத் தள்ளவில்லை, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய்.

"அப்பா, நான் இனிமே கவிச்சி சாப்பிடலப்பா."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேணாம்னு தோணுது."

"யாரு சொன்னா? அந்த ஹெட்மாஸ்டர் வீட்டுலயா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலப்பா. நானாத்தான்."

"நானாத்தான், நானாத்தான்! இத்தன வருசமா தோணாதது, அக்கரைக்குப் போய்ச் சோறு தின்னதும் தோணிருச்சோ?"

"கோவிக்காதீங்க லா அப்பா. நீங்க சாப்பிடுங்க, நான் வேணாம்னா சொன்னேன்? எனக்கு மட்டும் நானே எதாச்சும் பண்ணிக்கிறேன்."

நானே பண்ணிக்கிறேன் என்றாய் பார், அதுதான் என்னைச் சுட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்கு அந்த மீன் தலையை நான் தெருவில் வீசினேன். பூனை தின்றது.

மறு வாரம் நீ மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கி வந்து என் கரி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாய். அரிசியும் பாசிப்பருப்பும் ஒரே சட்டியில் போட்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, இறக்கும்போது கொஞ்சம் நெய். சீனன் கடையில் வாங்கின தவ்குவாவை, அந்தச் சோயாக் கட்டியை, துண்டு போட்டு வறுத்து மேலே உப்பும் மஞ்சளும். இன்னொரு நாள் முளைவிட்ட பயறை வெறும் கடுகு தாளித்து ஒரு பிரட்டுப் பிரட்டிவிட்டு, புளி ரசம். இன்னொரு நாள் தேங்காய்த் துவையலும் சுடுசோறும் மட்டும். நான் கரியை ஊதிக்கொண்டிருக்கும்போதே நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் புத்தகம் எடுத்து உட்கார்ந்துவிடுவாய். "இதுக்குப் பேரு சாப்பாடா? காச்சக்காரன் கஞ்சி" என்று கேலி பண்ணினேன். நீ சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி என் தட்டில் வைத்தாய். தம்பி, இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அது நன்றாக இருந்தது. வயிற்றுக்கு இதமாக, நாக்குக்கு ஒரு சண்டையும் இல்லாமல் இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒருத்தி அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தது, என் இருபது வருஷத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதே என்று இருந்தது.

அந்த நாட்களில் துறைமுகத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற காதர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன கிராணி அண்ணே, மகன் சாமியாராயிட்டானாம்ல?" என்று கேட்பார். முப்பது வருஷப் பழக்கம், என்னை எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். நானும், "நாலு நாளைக்குத்தான், பாருங்க, வாசம் பிடிச்சா திரும்பி வந்துருவான்" என்பேன். பெருமைக்குச் சொன்ன வார்த்தை எனக்கே ஒரு யோசனையாகப் போய்விட்டது. உன்னை மீனுக்குத் திருப்ப முடியாது. சரி. ஆனால் அவள் கை வைக்க முடியாத ஒரு ருசியை உன் தட்டில் வைக்க முடியும். சைவக்காரிக்கு வராத ருசி. எதனால் வராது என்று அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, புளியும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து, எண்ணெய் பிரிகிற வரைக்கும் கிளறினேன். குண்டுமணி அளவு பிளாச்சானைச் சுட்டுப் பொடித்துப் போட்டேன். அவ்வளவுதான். காரத்திலும் புளிப்பிலும் அதன் நாற்றம் மறைந்துவிட்டது, ருசி மட்டும் நின்றது. உனக்குப் பரிமாறிவிட்டு அடுப்படி வாசலில் நின்றேன். நீ ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாய்.

"என்னப்பா போட்டீங்க இதுல?"

"மிளகா, வெங்காயம். வேற என்ன?"

"அவங்க வீட்டுலகூட இந்த ருசி வந்ததில்லப்பா. எனக்காகச் சைவத்துல பண்ணீங்களா?"

அன்றைக்கு நீ முதல் தடவையாக மறுசோறு கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னை ஏமாற்றினோமே என்கிற எண்ணம் ஒரு ஓரத்தில் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இதைப் படிக்க உனக்கு அருவருப்பாக இருக்கும். இருக்கட்டும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கல்யாணப் பேச்சு வந்து, அவளும் அவள் அப்பாவும் நம் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்காவது சம்பாலை வெளியே எடுக்காமல் இருந்திருக்கலாம். நீதான், "அப்பா சம்பால் பண்ணுவாரு பாருங்க" என்று ஆரம்பித்தாய். ஒன்று செய்யாமல் இருந்திருக்கலாம், அல்லது பிளாச்சான் இல்லாமல் செய்திருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றியது. பிளாச்சான் இல்லாமல் செய்தால் ருசி இறங்கிவிடும், அவள் முன்னால் என் கை தாழ்ந்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காகப் போட்டேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிட்டாள். "எனக்கு இது வரவே வராது மாமா" என்றாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அப்புறமும் அவளிடம் எனக்கு நல்லபடியாகப் பேச வரவில்லை. நீங்கள் படகேறிப் போகும்போது உன் சட்டைக் காலரை அவள் சரி பண்ணினால்கூட எனக்கு வயிறு எரியும். அதை நான் செய்துகொண்டிருந்தேனே என்று தோன்றும். இப்படி ஒரு அப்பனா என்று சிரிப்பாய். சிரி. போன தீபாவளிக்கு நீ குளிக்கப் போயிருந்தபோது அவள் அடுப்படியில் எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குப் பேச்சாக ஒன்று சொன்னாள்.

"இவருக்குச் சின்னதுலேர்ந்தே மீனு பிடிக்காதாமே மாமா. முள்ளுன்னா பயமாம். ஒருவாட்டி தொண்டையில சிக்கி, அதுலேர்ந்து ஒவ்வொரு வாயும் பயந்துக்கிட்டே முழுங்குவாராம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான். முதமுதல்ல எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப, உங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன். அப்ப சொன்னாரு. அப்பா இவ்வளவு பாடுபட்டுச் செய்யுறாரு, எப்படி வேணாம்னு சொல்றதுன்னு சொன்னாரு."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். குத்திக் காட்டச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கு அது வராது. ஆனால் எனக்குக் கையிலிருந்த கத்தி நழுவிக் கீழே விழுந்துவிட்டது. இருபது வருஷம், தம்பி. ஒழுக்கமான பிள்ளை என்று நான் பார்த்துப் பூரித்துப்போனது, பயந்துகொண்டு விழுங்குகிற பிள்ளையை. உனக்கு என்ன பிடிக்கும் என்று நான் ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கேட்டதில்லை. அவள் முதல் நாளே கேட்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் பழையதெல்லாம் ஒன்றுமே இல்லை. அதற்காகத்தானோ என்னவோ, அந்தத் தடவை கொடுத்தனுப்பிய பாட்டிலில் பிளாச்சானை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எதற்கு மறைக்க வேண்டும்.

உனக்குப் பிள்ளை பிறந்தால், அதற்கு வாய் பேச வந்த அன்றே என்ன பிடிக்கும் என்று கேள். பதில் உனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் கேள். சமைத்துப் போடுகிறவனுக்குத் தின்கிறவன் கடன்பட்டவன் என்று நினைக்காதே, நான் அப்படித்தான் நினைத்து வாழ்ந்துவிட்டேன். இன்னொருவரைவிட நான் உசத்தி என்று காட்டுவதற்காக யார் வாயிலும் எதையும் ஊட்டாதே. இதெல்லாம் உபதேசம் இல்லை. உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் விழுந்த குழி எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன், அவ்வளவுதான்.

சிவகாமியின் கடிதம் வந்ததும் முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா, சந்தோஷம். என் பக்குவத்தை அவள் கேட்கிறாள்! அரை மணி நேரக்காரி என்னிடம் கேட்கிறாள்! கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காதர் கடைக்குப் போனேன். அவரிடம் காட்டிவிட்டு, பெருமை தாங்காமல் பிளாச்சான் விஷயத்தையும் காதோடு சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"கிராணி அண்ணே, ஒண்ணு கேக்குறேன். எங்க உம்மா பேருல பாத்திஹா ஓதுற அன்னிக்கு நீங்க ஒரு சட்டி சோறு குடுத்து விடுறீங்க. நாங்க எல்லாரும் தின்னுடறோம். அதுல பன்னிக் கொழுப்பு கெடந்துச்சுன்னு பொறவு எனக்குத் தெரிய வருது. அப்ப நான் உங்கள என்ன செய்வேன்?"

"அதும் இதும் ஒண்ணாங்க? பிளாச்சான் எல்லாரும் போடுறதுதானே..."

"உங்களுக்கு ஒண்ணில்ல. அந்தப் பொண்ணுக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். வருகிற வழியெல்லாம், அம்மாவின் இலையில் என் சம்பாலை வைத்துவிட்டு அவள் கைகூப்பி நிற்பதுதான் கண்ணில் நின்றது. தாயில்லாத பெண். நீயும் தாயில்லாத பிள்ளைதான். அந்த வீட்டில் உனக்குச் சோறு போட்டவளுக்கு நான் இந்த வீட்டில் இதைப் போட்டிருக்கிறேன்.

நேற்றுப் பகல் முழுக்க பிளாச்சான் இல்லாமல் சம்பால் செய்து பார்த்தேன். வெங்காயத்தை இன்னும் கறுக்க வதக்கினேன், சீனன் கடை அவரைப் பசையைக் கொஞ்சம் சேர்த்தேன், எள்ளு வறுத்துப் போட்டேன். மூன்றாம் தடவை கிட்டத்தட்ட வந்தது. அந்தப் பாட்டிலைக் கட்டி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை திதி சுத்தமாக முடிந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அதைத்தான் செய்ய இருந்தேன், மூடிகூடப் போட்டுவிட்டேன். பிறகு, "வயிறு நிறைந்தது உங்கள் வீட்டில்தான்" என்று அவள் எழுதினதை மறுபடி படித்தேன். சுத்தமான பாட்டில் கையில் போய்ச் சேர்ந்தால் அந்த வரி அப்படியே நிற்கும். எனக்கு உரிமை இல்லாத ஒரு வரியை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் இந்தக் கடிதத்தோடு எந்தப் பாட்டிலும் வராது. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாட்டில் மிச்சம் இருந்தால் இன்றைக்கே எடுத்துக் கொட்டிவிடு. உன் மாமனாரிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள். நானே வந்து சொல்ல வேண்டும் என்றாலும் வருகிறேன். பரிகாரம் என்று ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அதற்கான எல்லாவற்றையும் நான் செய்கிறேன். அது அவர்கள் விருப்பம், என் விருப்பம் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு எனக்காக மழுப்பாதே. "அப்பாவுக்கு வயசாயிருச்சு, தெரியாம செஞ்சிட்டாரு" என்று அவளிடம் சொல்லிவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். என் மனசு நோகக் கூடாது என்று நீ முள்ளை விழுங்கினதெல்லாம் போதும். நான் எழுதினதை எழுதினபடி அவள் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படி. காலர் விஷயத்தையும் படி, போன தீபாவளிப் பாட்டிலையும் படி. அவள் அழுதால் நிறுத்து, பிறகு மறுபடி படி. திட்டினால் திட்டட்டும். இனி அந்த வாசற்படி மிதிக்க வேண்டாம் என்று சொன்னால், நீ எனக்கு ஒரு வரி எழுதிவிடு, நான் மிதிக்க மாட்டேன். நீ மட்டும் எப்போதாவது வந்து பார். அதற்காக அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வராதே, அப்படி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

வா என்று அவள் சொன்னால், திதி முடிந்த மறுநாள் காலை முதல் படகில் வருகிறேன். கையில் எதுவும் கொண்டுவர மாட்டேன். அடுப்படிப் பக்கம் தலைகாட்ட மாட்டேன். முன்கட்டில் உட்கார்ந்து, அவள் அரை மணி நேரத்தில் செய்து போடுவதைத் தின்றுவிட்டு வருகிறேன். நான் அன்றைக்கும் பொறாமைக்காரனாகத்தான் இருப்பேன், ஒரு கடிதத்தில் அது போய்விடாது. ஆனால் பொறாமையோடு சும்மா உட்கார்ந்திருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் அவளுக்குப் படித்துக் காட்டு. இதற்குக் கீழே இருக்கிறதை மட்டும் படிக்காமல் மடித்து வைத்துவிடு. என் வாயால் நானே அவளிடம் சொல்ல வேண்டியது அது, அவள் என்னை வரவிட்டால்.

அவள் கை என் கையைவிட நல்ல கை, தம்பி. அவளிடம் கற்றுக்கொண்டு வந்து நீ சமைத்து, முதல் நாள் என் தட்டில் வைத்த அந்த ஒரு கரண்டியிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது.

உன் அப்பா